ஜெர்மனிக்கு புதுசா வந்திருக்கிற நம்ம சேலத்துப் புள்ளைங்களுக்கு: விசாவுல மீட்டர் எப்ப ஓட ஆரம்பிக்குதுன்னு பாருங்க

பொங்கலுக்கு ஊருக்கு வந்து பத்து நாளாச்சு. அஸ்தம்பட்டி வீட்டுல உக்காந்தா யாராச்சும் ஒருத்தர் வந்துடறாங்க, நேத்து ஏற்காட்டுல சித்தப்பா தோட்டத்துல காபி பழம் பறிக்கிறத பாக்கலாம்னு போனா அங்கயும் பக்கத்து தோட்டத்துக்காரர் போனை நீட்டி "எம்பொண்ணு அக்டோபர்ல ஜெர்மனி போயிருக்கா, நீ ஒரு வார்த்த பேசும்மா"ங்கறாரு. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், அங்கயே நிரந்தரமா இருக்கணும்னா எந்த விசா நல்லது. ஒவ்வொருத்தருக்கா துண்டு துண்டா சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதிடறேன். நான் 2017ல இருந்து ஸ்டுட்கார்ட்ல இருக்கேன், அதனால ஜெர்மனி பத்தி மட்டும்தான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. உள்ள போக உதவற விசா வேற, அங்கயே தங்கறதுக்கு கணக்குல சேர்ற விசா வேற. ஆட்டோவுல ஏறி உக்காந்தாலும் மீட்டர் போட்டாதானே ஓடும், அதே மாதிரி நீங்க ஜெர்மனில இருக்கிற எல்லா மாசமும் பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமையோட கணக்குல வராது. இத யாரும் எனக்கு சொல்லல, அதுல நான் ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டேன்.

நான் வேலை கிடைச்சு வந்தப்ப கம்பெனி ஹெச்ஆர்தான் எல்லா ஃபார்மும் போட்டாங்க. என் சம்பளத்துக்கு ப்ளூ கார்டே, அதாவது டிகிரியும் குறிப்பிட்ட சம்பளமும் இருக்கிறவங்களுக்கான பெர்மிட், கிடைச்சிருக்கும், இன்ஜினியர் மாதிரி ஆள் பத்தாத வேலைகளுக்கு சம்பள வரம்பு குறைவு, ஆனா அவங்க சாதாரண வொர்க் பெர்மிட் போட்டுட்டாங்க, நானும் கார்டு கைக்கு வந்ததே பெருசுன்னு பாக்காம வாங்கி வெச்சுக்கிட்டேன். எனக்கப்புறம் சேந்த பையன் ப்ளூ கார்டுல வந்து, பி1ங்கிற நடுத்தர ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணி, 21 மாசத்துல பிஆர் வாங்கிட்டு போறான், நான் நாலு வருஷம் முடிச்சு 2021லதான் வாங்கறேன். ஒரே ஆபீஸ், ஒரே வேலை. அதனால கார்டு கைக்கு வந்ததும் அதுல எந்த செக்‌ஷன் போட்டிருக்குன்னு படிங்க, 18ஜின்னு இருந்தா ப்ளூ கார்டு, 18பின்னு இருந்தா டிகிரி வெச்சு வர்ற சாதாரண பெர்மிட். தகுதி இருந்தும் 18பி வந்திருந்தா ப்ளூ கார்டுக்கு மாத்தச் சொல்லி அப்ளை பண்ணலாம்.

இப்ப கணக்கு என்னன்னா, ப்ளூ கார்டுல 27 மாசம் வேலை செஞ்சு பென்ஷன் கட்டியிருந்தா ஏ1ங்கிற ஆரம்ப அளவு ஜெர்மன் போதும், பி1 இருந்தா 21 மாசம். சாதாரண பெர்மிட்னா மூணு வருஷம், 2024 மார்ச்சுக்கு முன்னாடி நாலா இருந்தது, பி1 கண்டிப்பா வேணும். ஜெர்மனிலயே படிச்சு முடிச்சவங்களுக்கு வேலை பெர்மிட் வந்ததுல இருந்து ரெண்டு வருஷம்தான். ப்ளூ கார்டுக்கு இந்த 2026ல வருஷ சம்பளம் 50,700 யூரோ இருக்கணும், ஆள் பத்தாத வேலைகளுக்கும் டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆகாதவங்களுக்கும் சுமார் 45,934. இது ஒவ்வொரு ஜனவரியும் மாறும், பெரும்பாலும் ஏறும், டிசம்பர்ல ஆஃபர் வந்து ஜனவரில அப்ளை பண்ணினா புது வரம்புதான் பாப்பாங்க, அதனால சம்பளம் பேசும்போதே ரெண்டாயிரம் யூரோ கூட்டிப் பேசுங்க.

படிக்க வந்திருக்கிற புள்ளைங்களுக்கு. ஸ்டூடன்ட் பெர்மிட்ல இருக்கிற மாசங்கள் இந்த பிஆர் கணக்குல வராது, ஆனா அதுக்காக கவலைப்பட வேண்டாம், படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 18 மாசம் தருவாங்க, அந்த சமயத்துல எந்த வேலையும் செய்யலாம். படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள்தான் வேலை செய்யலாம், அதத் தாண்டாதீங்க, கிடங்குல நைட் ஷிஃப்ட் பாத்து கூடுதலா ஓட்டிட்டு அப்புறம் பெர்மிட் நீட்டிக்கப் போறப்ப மாட்டிக்கிட்ட பசங்கள நான் பாத்திருக்கேன். மனசு கேக்கல, அப்பா அம்மா செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறைல உக்காந்து சேத்த காசு அது. முதல் செமஸ்டர்ல இருந்தே ஜெர்மன் படிங்க. இங்கிலீஷ்லயே கோர்ஸ் இருக்கு, இங்கிலீஷ்லயே ஓட்டிடலாம்னு ரெண்டு வருஷம் போக்கிட்டு கடைசில பி1 இல்லாம நிக்கிறவங்கதான் நிறைய, வேலை கிடைக்கிறதுக்கும் அதுதான் தடை.

ஆப்பர்ச்சுனிட்டி கார்டு பத்தி நிறைய பேரு கேக்கறாங்க, அங்க அத சான்சென்கார்ட்டென்னு சொல்லுவாங்க. 2024 ஜூன் 1ல இருந்து வந்தது, வேலை இல்லாமயே போய் ஒரு வருஷம் வரைக்கும் தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் செய்யலாம். ஆறு பாயிண்ட் வேணும், 35 வயசுக்குள்ள இருந்தா ரெண்டு, பி1 ஜெர்மனுக்கு ரெண்டு, அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷ அனுபவத்துக்கு ரெண்டு, அதுலயே ஆறு வந்துரும். ஆனா மாசாமாசம் கொஞ்சம்தான் எடுக்க முடியற பிளாக்ட் அக்கவுண்ட்ல மாசத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல ஒரு வருஷத்துக்கும் போட்டு வைக்கணும், அந்த ஒரு வருஷம் பிஆர் கணக்குல வராது, வேலை கிடைச்சு கார்ட மாத்தினாதான் மீட்டர் ஓடும். சேலத்துல சில ஏஜென்ட்டுங்க இத "ஜெர்மனி வொர்க் விசா"ன்னு சொல்லி லட்சக்கணக்குல வாங்கறாங்க. இது வொர்க் விசா கெடையாது, தேடற விசா. கையில ஒரு வருஷத்துக்கு காசும் ஓரளவு ஜெர்மனும் இல்லாம இதுல போகாதீங்க, கடன் வாங்கிட்டுப் போய் வேலை கிடைக்காம திரும்பி வந்தா அந்த வலி வீட்டுக்கே வரும்.

டிகிரி செல்லுமான்னு அனாபின்ங்கிற அவங்க தளத்துல பாக்கணும். நம்ம பக்கம் படிச்ச காலேஜ் பேரு ஒண்ணு, டிகிரி கொடுத்த யுனிவர்சிட்டி பேரு இன்னொண்ணு, முதல்ல சர்டிஃபிகேட்ல இருக்கிற யுனிவர்சிட்டி பேர போட்டு தேடுங்க, அங்கீகாரம் இருக்குன்னு அர்த்தமா ஹெச் ப்ளஸ்னு வரணும். அப்புறம் அப்போஸ்டில், சர்டிஃபிகேட் உண்மைன்னு வெளிநாட்டுக்காக நம்ம அரசாங்கம் வெக்கிற முத்திரை. நம்ம ஊரு அப்போஸ்டில ஜெர்மனி ஏத்துக்கறதில்ல, கல்யாண சர்டிஃபிகேட், பிறப்பு சர்டிஃபிகேட்டெல்லாம் சந்தேகம் வந்தா அவங்க தூதரகமே ஆள் வெச்சு விசாரிச்சு சரிபாக்கும். ஆயிரக்கணக்குல கொடுத்து முத்திரை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கங்க. பாஸ்போர்ட்ல சர்நேம் எடம் காலியா இருக்கிறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அப்பா பேரையோ என்னவோ ஒண்ணு போட்டு சரி பண்ணிக்கங்க, நம்ம இனிஷியல் கதைய பேங்க்ல, இன்சூரன்ஸ்ல, வீட்டுக்காரர்கிட்டன்னு சொல்லிச் சொல்லி எனக்கு தொண்டை வத்திருச்சு.

தேதி விஷயம். பெர்மிட் முடியற தேதிக்கு முன்னாடியே நீட்டிப்புக்கு அப்ளை பண்ணிடணும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காட்டியும் அப்ளிகேஷன் உள்ள போயிருந்தா முடிவு வர்ற வரைக்கும் பழைய உரிமை ஓடும், அதுக்கு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு தாள் கேட்டு வாங்கிக்கங்க. அது இல்லாம ஊருக்கு டிக்கெட் போடாதீங்க. பாஸ்போர்ட் முடியற தேதியத் தாண்டி பெர்மிட் தரமாட்டாங்க, அதனால பாஸ்போர்ட் ஒரு வருஷம்தான் இருக்குன்னா அத முதல்ல புதுப்பிங்க. வேலை போயிருச்சுன்னா பயந்து சும்மா இருந்துடாதீங்க, தெரிஞ்ச ரெண்டு வாரத்துக்குள்ள பெர்மிட் தர்ற ஃபாரினர்ஸ் ஆபீசுக்கு எழுதிச் சொல்லணும்னு சட்டம். சொன்னா வேற வேலை தேட டைம் கிடைக்கும், மறைச்சாதான் சிக்கல்.

பொண்டாட்டி, புருஷன் கூட்டிட்டு வர்றதுக்கு ப்ளூ கார்டுலயும் 18பிலயும் அவங்களுக்கு ஜெர்மன் பரீட்சை தேவையில்ல, வந்ததும் வேலையும் செய்யலாம். அப்பா அம்மாதான் எல்லாருக்கும் மனசுல இருக்கிறது. 2024 மார்ச் 1லயோ அதுக்கப்புறமோ முதல் முறையா ப்ளூ கார்டு, 18பி மாதிரி ஸ்கில்டு பெர்மிட் வாங்கினவங்க பெத்தவங்கள கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம்னு சட்டம் வந்திருக்கு. நான் 2017ல வாங்கினவ, எனக்கு அது இல்ல. ஆனா வாங்கினவங்களுக்கும் முட்டுக்கட்டை ஹெல்த் இன்சூரன்ஸ்தான், வயசானவங்கள அரசாங்க இன்சூரன்ஸ்ல சேக்க மாட்டாங்க, பிரைவேட்ல பிரீமியம் ரொம்ப அதிகம், அத கட்டற வருமானம் இருக்குன்னு காட்டணும். அம்மாவ கூட்டிட்டு வந்துடலாம்னு வாக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த பிரீமியத்த விசாரிச்சுடுங்க.

பிஆர் வாங்கினவங்க ஊர்ல ஆறு மாசத்துக்கு மேல தங்கினா அது போயிரும், இது நிறைய பேருக்கு தெரியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு வந்து எட்டு மாசம் இருந்து எல்லாத்தையும் தொலைச்ச ஒருத்தர எனக்கு நல்லா தெரியும். அஞ்சு வருஷம் முடிஞ்சதும் டாவர்ஆஃப்என்தால்ட்-ஈயூன்னு இன்னொரு நிரந்தர பெர்மிட் இருக்கு, அதுல 12 மாசம் வரைக்கும் ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கலாம், ப்ளூ கார்டு வழியா அத வாங்கினவங்களுக்கு 24 மாசம். வயசான பெத்தவங்க ஊர்ல இருக்கிற எல்லாரும் இதத்தான் வாங்கணும்னு நான் சொல்லுவேன்.

குடியுரிமை இப்ப அஞ்சு வருஷத்துல. மூணு வருஷத்துல கொடுத்துட்டு இருந்தத 2025 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. ஜெர்மனி ரெண்டு பாஸ்போர்ட்டுக்கு ஒத்துக்கும், நம்ம நாடுதான் ஒத்துக்காது, அத வாங்கின நிமிஷமே இந்திய குடியுரிமை போயிரும், பாஸ்போர்ட்ட திருப்பிக் கொடுத்துட்டு ஓசிஐங்கிற வெளிநாட்டு இந்தியர் கார்டு எடுக்கணும், அதுல ஓட்டு கெடையாது. பக்கத்து தோட்டத்துக்காரர் இதத்தான் நோண்டி நோண்டி கேட்டாரு, எம்பொண்ணு பேருக்கு இந்த காபி தோட்டத்த எழுத முடியுமான்னு. வெளிநாட்டுல குடியிருக்கிறவங்க விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது, ஓசிஐ ஆனாலும் சரி, இந்திய பாஸ்போர்ட்டோட அங்க இருந்தாலும் சரி. பாகமா வாரிசா வர்றத வெச்சுக்கலாம், விக்கணும்னா உள்ளூர்ல இருக்கிற இந்தியருக்குத்தான் விக்கணும். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "வாரிசா வந்தா சரிதானே"ன்னு கேட்டுட்டு பழக்கூடைய எடுத்துட்டு போயிட்டாரு.

எங்க வீட்டுல அவரு போன வருஷமே குடியுரிமைக்கு அப்ளை பண்ணிட்டாரு. பாப்பா 2024 டிசம்பர்ல பொறந்தா, எனக்கு அஞ்சு வருஷமும் பிஆரும் இருந்ததால பொறக்கும்போதே ஜெர்மன் குடிமகள், இந்த தடவை ஓசிஐ கார்டோடதான் தாத்தா பாட்டிய பாக்க வந்திருக்கா. நான் இன்னும் அப்ளை பண்ணல. ஃபார்ம் மேசை டிராயர்ல இருக்கு, ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்துட்டு போய் பாத்துக்கலாம்னு வெக்கறேன்.