புதுப்பிப்பு: குற்றவாளி கம்ப்ரசர் அல்ல

பதினான்கு வருடப் பழைய ஃபிரிட்ஜ் தினமும் இரண்டு முறையாவது வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை (மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவைக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். கம்ப்ரசர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னது தவறு.

விழும் நேரங்களைக் குறித்துப் பார்த்தேன். ஏறக்குறைய பத்து மணி நேர இடைவெளி. அட, பனியை உருக்க அவ்வப்போது ஹீட்டரை ஓடவிடும் டீஃபிராஸ்ட் டைமரின் சுற்று! எலெக்ட்ரீஷியன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரீசரின் பின்பலகைக்குள் இருக்கும் ஹீட்டரின் இணைப்பைத் துண்டித்தார். இரண்டு நாள் எதுவும் விழவில்லை, பனிதான் ஏறியது. சோதித்தால் ஹீட்டருக்கும் எர்த்துக்கும் இடையே வெறும் 5 கிலோஓம் மின்தடை, ஆர்சிசிபி விழும் அளவுக்கு மின்சாரம் கசிய அது போதும்; உறை விரிசல் கண்டு ஈரம் புகுந்திருந்தது.

"எர்த் வயரைக் கழற்றிவிடு" என்ற மாமாவின் யோசனையைக் கேட்டிருந்தால் கதவே ஷாக் அடித்திருக்கும். புது ஹீட்டர் போட்டு ஐந்து நாளாகிறது. இட்லி மாவு புளிக்கவில்லை.