திடல் இசை நிகழ்ச்சிகளுக்கு உரிம வரம்பு கேட்டு மனு எழுத உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. ஊரை ஒட்டிய திடலில் இவ்வாண்டு இரண்டு முறை நடந்த பெரிய மேடை இசை நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டதால், விடியுமுன் நாட்டுப்படகில் கடலுக்குச் செல்ல வேண்டியவர்கள் கண்ணயரவே முடியவில்லை. பாட்டுக் கச்சேரி கூடாது என்பதல்ல எங்கள் எண்ணம். எங்கள் பிள்ளைகளும் ஆசையாகத்தான் போனார்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மட்டும் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அயர்லாந்தின் டப்ளினில் 2014இல் கார்த் புரூக்ஸ் என்ற பாடகரின் ஐந்து நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டிக்கெட்டுகள் விற்றுவிட்ட பிறகும், அக்கம்பக்கத்தார் எதிர்ப்புக்கிடையே, க்ரோக் பார்க் அரங்கில் மூன்றுக்கு மட்டுமே மாநகராட்சி உரிமம் தந்தது; அவர் ஐந்தையுமே ரத்து செய்தார். அப்படி ஒரு முடிவு எங்களுக்கு வேண்டாம். நாள் எண்ணிக்கையும் முடியும் நேரமும் முன்கூட்டியே எழுத்தில் இருந்தால் போதும்.

இத்தகைய மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி அனுபவம் உள்ளவர்கள் மாதிரி ஒன்றைப் பகிர இயலுமா? கைப்பேசிச் செயலியில் எடுத்த டெசிபல் அளவு சான்றாக ஏற்கப்படுமா? கொடுக்கப்பட்ட அனுமதியின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எவ்வாறு கேட்பது? அடுத்த கிராம சபைக்கு முன் தெரிந்தால் தீர்மானத்திலும் சேர்த்துவிடுவோம்.