வின்ஸ் கார்ட்டர் மீது டொராண்டோ ரசிகர்களுக்கு இன்னும் தீராத மனத்தாங்கல்: அது நியாயம்தானா?

கேள்வி
எழுதியவர்: வைகைக்கரையான், மதுரை

நண்பர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தை என்னைவிட ஆழமாகப் பார்க்கிறவர்கள் இங்கே பலர் இருப்பதால், வெகுநாளாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்கிறேன்.

என் அத்தை மகன் 1999-இல் மதுரையிலிருந்து கனடா சென்று, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறியவர். பனியும் தனிமையும் வாட்டிய அந்த முதல் சில ஆண்டுகளில் தமக்கு இருந்த ஒரே பிடிப்பு, அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் டொராண்டோ ராப்டர்ஸ் அணியும் அதன் நட்சத்திரமான வின்ஸ் கார்ட்டரும்தான் என்று அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார். 2001-இல் விடுமுறைக்கு வந்தபோது, 15 என்ற எண்ணும் முதுகில் கார்ட்டரின் பெயரும் வைத்துத் தைத்த ஊதா நிற ஜெர்சி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு ஆண்டுகள் அதை அணிந்துதான் பள்ளி மைதானத்தில் ஆடினேன்.

2005-இல் ஒரு கல்யாணத்துக்காக அவர் மீண்டும் ஊருக்கு வந்தார். அந்த ஜெர்சியோடு நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, அத்தையின் தையல் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்து, முதுகில் இருந்த பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக, துணி கிழியாதபடி தையலை மட்டும் அறுத்து எடுத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெர்சி இன்றும் என் பீரோவில் இருக்கிறது. அந்த ஆறு எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் இருப்பதால், பெயரை இப்போதும் படிக்க முடிகிறது.

2024 நவம்பர் 2 அன்று ராப்டர்ஸ் அணி கார்ட்டரின் 15-ஆம் எண்ணை அரங்கத்தின் கூரையில் ஏற்றிக் கௌரவித்தது. அந்த அணியின் வரலாற்றில் அப்படி ஏற்றப்பட்ட முதல் எண் அது. மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்து அத்தானைத் தொலைபேசியில் அழைத்தேன். நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். ஒரு வீரர் வேறு அணிக்குப் போவது தொழிலில் இயல்பான காரியம். இருபது ஆண்டுகள் கடந்தும் ஆறாத அளவுக்கு இவர் செய்த குற்றம்தான் என்ன? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


பதில் 1
எழுதியவர்: தல்லாகுளத்தான்

தம்பி, உங்கள் அத்தானின் கோபம் எனக்குப் புரிகிறது. மதுரையில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். கார்ட்டரை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறேன்.

ராப்டர்ஸ் 1995-இல் தொடங்கப்பட்ட அணி. ஐஸ் ஹாக்கியே உயிர்மூச்சாக இருக்கும் நாட்டில், முதல் மூன்று ஆண்டுகள் தோல்வியைத் தவிர அதிகம் கண்டதில்லை. புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998-இல் கோல்டன் ஸ்டேட் அணி ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்த கார்ட்டரை, அதே இரவில் ஆன்ட்வான் ஜேமிசன் என்ற வீரரைக் கொடுத்து டொராண்டோ பெற்றுக்கொண்டது. முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். 2000 பிப்ரவரியில் ஓக்லாந்தில் நடந்த, எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் போட்டியில் வளையத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு அவர் தொங்கியதை, இன்று ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆட வருகிற சிறுவர்கள்கூடச் செல்போனில் பார்த்து அறிவார்கள். 2001-இல் நியூயார்க் அணியை வீழ்த்தி, ராப்டர்ஸ் முதன்முறையாகப் பிளேஆஃப் எனும் பட்டத்துக்கான இறுதிக்கட்டப் போட்டிகளில் ஒரு சுற்றை வென்றது. அதே ஆண்டு கனடாவின் இன்னொரு அணியான வான்கூவர் கிரிஸ்லீஸ் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. நம் அணியும் ஒருநாள் போய்விடுமோ என்று டொராண்டோவில் இருந்தவர்கள் அஞ்சிய காலத்தில், போகாது என்பதற்கு அவர்கள் கண்ட உத்தரவாதம் இந்த ஒரு மனிதர்தான்.

இனி மனத்தாங்கலின் வேருக்கு வருகிறேன். 2004-இல் அணி நிர்வாகத்தின் மீது கசப்புற்று, தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி அவர் கேட்டார். அதையும் மன்னித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் டொராண்டோவுக்காக ஆடிய 20 ஆட்டங்களில் அவருடைய சராசரி 15.9 புள்ளிகள், டிசம்பர் 17 அன்று நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாறிய பிறகு, அதே பருவத்தில் சராசரி 27.5 புள்ளிகள். காலும் கையும் அதே மனிதருடையவைதான். இரண்டு வாரத்தில் திறமை எங்கிருந்து முளைத்தது என்று ரசிகர்கள் கேட்டார்கள். அது போதாதென்று 2005 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் தாம்சன் அவரிடம், எப்போதும் முழு முயற்சியோடு ஆடினீர்களா என்று கேட்டபோது, கடந்த ஆண்டுகளில் அப்படி ஆடவில்லை என்ற பொருள்பட அவரே பதில் சொல்லிவிட்டார். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது அங்கேதான்.

மாற்றாகக் கிடைத்ததும் ஒன்றுமில்லை. நெட்ஸ் பதிலுக்குக் கொடுத்த வீரர்களில் பெயர் பெற்றவரான அலான்சோ மோர்னிங் டொராண்டோவுக்கு வரவே மறுத்துவிட்டார்; அவருடைய ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

2005 ஏப்ரல் 15 அன்று எதிரணி வீரராக அவர் முதன்முறையாக டொராண்டோவுக்கு வந்தபோது, பந்து அவர் கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அரங்கமே ஊளையிட்டது. அவர் 39 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஜனவரியில் 42 புள்ளிகள், அதில் வெற்றியைத் தீர்மானித்த கடைசி நொடி மூன்று புள்ளி வீச்சு. இத்தனையும் இவரால் முடியும் என்றால் நமக்காக ஏன் செய்யவில்லை என்ற வயிற்றெரிச்சல் அந்த ஒவ்வொரு புள்ளியிலும் கூடியது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் தோற்றுவிட்டு வந்தவனை நான் ஒருபோதும் திட்டியதில்லை. ஓடக்கூடியவன் ஓடாமல் நின்றதைப் பார்த்தால் மட்டும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்காது. உங்கள் அத்தான் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணமும் உழைத்துச் சம்பாதித்த பணம்தானே?


பதில் 2
எழுதியவர்: ஆரப்பாளையம் செல்வி

தல்லாகுளத்து ஐயா சொன்ன எண்கள் எல்லாம் சரியானவை. ஆனாலும் அந்த மனிதருக்காக ஒருவராவது பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

கல்லூரி அணியில் மூன்று ஆண்டுகள் ஆடியவள் நான். முழங்கால் காயத்தோடு ஆடுவது என்னவென்று உடம்பால் அறிந்தவள். கார்ட்டர் 2001-02 பருவத்தில் 60 ஆட்டங்களும், அடுத்த பருவத்தில் 43 ஆட்டங்களும்தான் ஆட முடிந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குதிப்பதற்குக் கால் தயாராவதற்கு முன்பே மனம் அஞ்சத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தரையில் இறங்கும்போது எந்தப் பக்கம் மடியுமோ என்ற எண்ணம் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சோம்பலாகத் தெரியும். என்னையும் அப்படிச் சொன்னார்கள், ஐயா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவதாக, 2001 மே 20-ஐ யாரும் குறிப்பிடவில்லை. பிளேஆஃபின் அடுத்த சுற்றில், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் அன்று. காலையில் வட கரோலினா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, தனி விமானத்தில் வந்து அன்றே ஆடினார். 88-87 என்ற கணக்கில் அணி தோற்றது. கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. அன்றிலிருந்து பட்டம் வாங்கப் போனதால்தான் தோற்றோம் என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் 50 புள்ளிகள் எடுத்ததை ஏனோ அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்குகிற பிள்ளையை ஊரே கூடி வழியனுப்பும் நம் பக்கத்தில், ஒருவர் பட்டமளிப்பு விழாவுக்குப் போனதைக் குற்றமாகச் சொன்னால் எப்படி ஏற்பது?

அந்தப் பேட்டியின் பதிலுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அது தவறு. ஆனால் மனிதர் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள், அவர் எந்த அணியின் சட்டையில் வந்தாலும், அந்த அரங்கம் அவரை ஊளையிட்டே வரவேற்றது. 2014 நவம்பர் 19 அன்று மெம்ஃபிஸ் அணியோடு வந்தபோது, ராப்டர்ஸ் நிர்வாகம் இடைவேளை ஒன்றில் அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டியது. முதலில் தயங்கிய அரங்கம் பிறகு எழுந்து நின்று கைதட்டியது. 37 வயது மனிதர் அழுதுகொண்டே சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பந்தைத் தொட்ட பிள்ளைகள் டொராண்டோவைச் சுற்றியே வளர்ந்தார்கள். அவர்களில் ஆன்டனி பென்னட் 2013-லும் ஆண்ட்ரூ விக்கின்ஸ் 2014-லும் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.


பதில் 3
எழுதியவர்: பெரியகுளத்துக்காரன்

எங்கள் ஊரில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடும். சென்ற ஆண்டு ஓர் அணியின் சட்டையில் பார்த்த வீரரை இந்த ஆண்டு வேறொரு சட்டையில் பார்ப்போம். அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்து ஒருவன் போனால், கேலரியில் இருக்கும் பெரியவர்கள் பிழைத்துக்கொண்டான் என்று சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்து மன்றம் ஒன்றில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி, இரண்டாம் பாதி முழுவதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நான்கு புள்ளிகளில் தோற்றோம். அடுத்த வாரமே வேறு ஊர் அணிக்காக நாற்பது நிமிடமும் ஓடி ஆடினார். அந்தத் துண்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது: பச்சைக்கரை போட்ட வெள்ளைத் துண்டு, ஒரு சொட்டு வியர்வை படாமல் மடிப்புக் கலையாமல் இருந்தது. இப்போது அவர் ஊருக்கு வந்தால் எல்லோரும் நலம் விசாரிப்போம், டீ வாங்கிக் கொடுப்போம். ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் பேசுவதில்லை.

கவாய் லெனர்டையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பருவம் ஆடி, 2019-இல் டொராண்டோவுக்கு முதல் சாம்பியன் பட்டத்தைப் பெற்றுத் தந்துவிட்டு, அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போய்விட்டார். அந்த டிசம்பரில் எதிரணி வீரராக வந்தவருக்குச் சாம்பியன் மோதிரத்தை அணிவித்து, அரங்கமே எழுந்து நின்று வாழ்த்தியது. ஆக, போவது குற்றம் என்று அந்த ஊர் நினைக்கவில்லை. இருந்த ஓராண்டில் கால் வலித்தபோதும் அவர் எதையும் மிச்சம் வைக்காமல் ஆடினார் என்று அவர்களுக்குத் தெரியும். கார்ட்டர் ஏழு பருவம் இருந்தார், ஆனால் கடைசியில் எவ்வளவு மிச்சம் வைத்துக்கொண்டார் என்ற சந்தேகம் தீரவில்லை. செல்வி அம்மா சொன்ன முழங்கால் விஷயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்படியானால், நெட்ஸ் அணிக்குப் போன மாதத்தில் அந்த முழங்கால் எப்படி ஆறிற்று?


பதில் 4
எழுதியவர்: தல்லாகுளத்தான்

செல்வி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. காயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், என்னிடம் பயின்ற ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். பயப்படுகிறாள் என்று தெரியாமல் சோம்பேறி என்று அவளைத் திட்டியிருக்கிறேன். கார்ட்டரின் 2004-ஐப் பற்றி என் கருத்து மாறவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி மாறியிருக்கிறது.

அதோடு, 22 பருவங்கள், 1,541 ஆட்டங்கள் ஆடி, 43 வயதில் 2020-இல்தான் ஓய்வு பெற்றார். கடைசி ஆண்டுகளில் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் அமர்ந்து, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சம்பளமும் புகழும் குறைந்த பிறகும் ஆடினார். ஆட்டத்தின் மீது பற்றில்லாதவர் அப்படிச் செய்யமாட்டார். டொராண்டோவின் மீது பற்று இருந்ததா என்பது வேறு கேள்வி.


பதில் 5
எழுதியவர்: வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அத்தானை அழைத்து, இங்கே எழுதப்பட்ட அனைத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பட்டமளிப்பு விழா பற்றிய பகுதியில் மட்டும் குறுக்கிட்டார். அதற்காகத் தாம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்றும், கடைசிப் பந்து வெளியே போனபோது அவருக்காகத்தான் அழுதேன் என்றும் சொன்னார். பெரியகுளத்து அண்ணன் எழுதிய துண்டு விஷயத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, 2004 நவம்பரில் இரவு வேலையில் அனுமதி கேட்டு, சம்பளம் பிடித்தத்தோடு ஓர் ஆட்டத்துக்குப் போனதையும், அன்று பந்து கார்ட்டரைத் தாண்டி உருண்டபோது கார்ட்டர் குனியாமல் நின்றதையும் சொன்னார். அது எந்த அணிக்கு எதிரான ஆட்டம் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது. அந்தப் பந்து உருண்டது மட்டும் மறக்கவில்லை.

ஜெர்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, வேண்டுமானால் எழுத்துகளை மறுபடி தைத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். போனை வைப்பதற்கு முன், அவர் மகள் இந்த ஆண்டுதான் கூடைப்பந்து பழகத் தொடங்கியிருக்கிறாள் என்றும், அவள் கேட்டாள் என்பதற்காகக் கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். என்ன எண் என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, பதினைந்து என்றார்.