ரீப்பர் கோப்பை அனுப்பினால் நண்பரின் கணினியில் ஒலி இல்லை. திரும்பி வந்தால் என் கணினியிலும் இல்லை

கழி_கூடு எழுதியது:

வணக்கம். தவில் ஒலிகளை நானே பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, ரீப்பர் என்ற இசை மென்பொருளில் ஒரு மெட்டு அமைத்திருக்கிறேன். என்னுடையது விண்டோஸ், ஒலிக்கலவை செய்து தரும் நண்பரிடம் இருப்பது மேக். ப்ராஜெக்ட் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன், 200 கேபிகூட இல்லை. அவர் திறந்ததும் ‘வலந்தலை’, ‘தொப்பி’, ‘கொட்டு’ என்ற மூன்று ஒலிக்கோப்புகளும் கிடைக்கவில்லை என்று வருகிறதாம். நானும் மூன்று முறை அனுப்பிவிட்டேன். என்ன தவறு?

இரவு_மிக்ஸர்:

200 கேபி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதில் தவில் எங்கே அடங்கும்? ப்ராஜெக்ட் கோப்பில் ஒலி கிடையாது, ஒலி இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். நம்பிக்கை இல்லையென்றால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். ரீப்பர் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. ‘ஃபைல்’ என்று தொடங்கும் வரிகளில் உங்கள் டி வட்டின் பாதை முழுதாக இருக்கும். நண்பரின் மேக்கில் டி வட்டுக்கு எங்கே போவது?

ஃபைல் மெனுவில் ‘சேவ் ப்ராஜெக்ட் ஆஸ்’ கொடுங்கள். அந்தப் பெட்டியின் கீழே, ப்ராஜெக்ட்டுக்குத் தனிக் கோப்புறை உருவாக்கு, எல்லா மீடியாவையும் அதற்குள் நகலெடு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ‘மூவ்’ என்று ஒன்று இருக்கும், அதன் பக்கம் போகாதீர்கள். மூலப் பதிவுகளை இடம் மாற்றிவிடும். பிறகு அந்தக் கோப்புறை முழுவதையும் அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. மூலப் பதிவுகள் இருக்கும் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, புதிய நகலைத் திறந்து பாருங்கள். எல்லாம் ஒலித்தால் நண்பரிடமும் ஒலிக்கும்.

கழி_கூடு:

செய்தேன், சோதனையில் எல்லாம் ஒலிக்கிறது. ஆனால் கோப்புறை 690 எம்பி ஆகிவிட்டது! நான் பயன்படுத்தியது மொத்தம் இருபது விநாடிகூட இருக்காது.

இரவு_மிக்ஸர்:

பதிவுகள் எவ்வளவு நீளம்?

கழி_கூடு:

மூன்றும் சேர்ந்து 40 நிமிடம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ.

இரவு_மிக்ஸர்:

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்தத் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. நீங்கள் திரையில் வெட்டினாலும் கோப்பு வெட்டுப்படுவதில்லை. ஒரே ஒரு அடியை எடுத்தாலும் அது இருக்கும் முழுப் பதிவும் கூடவே வரும். வெட்டிய துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஐட்டம் மெனுவில் ‘க்ளூ’ கொடுங்கள். அந்தப் பகுதி மட்டும் புதிய கோப்பாகும். துண்டின் மேலேயே ஏதாவது எஃபெக்ட் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து பதிந்துவிடும், ஆகவே பழைய ப்ராஜெக்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் செய்யுங்கள். பிறகு மீண்டும் ‘சேவ் ஆஸ்’, இம்முறை வேறொரு புதிய கோப்புறைக்கு.

மாடி_ஸ்டுடியோ:

இடையில் ஒன்று. ஒலிகளை ட்ராக்கில் நேரடியாக வைக்காமல் கொன்டாக்ட் போன்ற சாம்ப்ளருக்குள் (பதிவு செய்த ஒலிகளை ஏற்றி வாசிக்கும் மென்கருவி) ஏற்றியிருந்தால் இந்த வழியை நம்பி இருக்காதீர்கள். சாம்ப்ளர் தன் கோப்புகளைத் தானே தேடிக்கொள்ளும். கொன்டாக்ட்டில் சேமிக்கும்போது ‘பேட்ச் பிளஸ் சாம்பிள்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைக்கு வாங்கிய ஒலித்தொகுப்பு என்றால் உரிமத்தையும் படித்துவிடுங்கள். பாட்டில் பயன்படுத்த விடுவார்கள், மூல ஒலியைக் கோப்பாகவே அடுத்தவருக்குக் கொடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். சொந்தத் தவிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கழி_கூடு:

சாம்ப்ளர் இல்லை, எல்லாம் ட்ராக்கில்தான். ‘க்ளூ’ செய்தபின் 6 எம்பிக்கு வந்துவிட்டது, நண்பரிடம் முதல் முறையிலேயே திறந்தது. நன்றி!

கழி_கூடு (மூன்று நாள் கழித்து):

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. நண்பர் வேலையை முடித்து, கோப்புறையை இணைய வட்டில் ஏற்றினார். நான் இறக்கித் திறந்தால் ‘வலந்தலை’ ஒலிக்கிறது, ‘தொப்பி’யும் ‘கொட்டு’ம் இல்லை என்கிறது. ஆனால் கோப்புறையில் இரண்டும் கண்ணெதிரே இருக்கின்றன! பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டேன்.

எழுத்துரு_பித்தன்:

நண்பரின் மேக் எத்தனை ஆண்டு பழையது?

கழி_கூடு:

2013இல் வாங்கியது. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

எழுத்துரு_பித்தன்:

இருக்கிறது. காணாமல் போன இரண்டு பெயர்களிலும் ‘ஒ’கரம் இருக்கிறது, வலந்தலையில் இல்லை. ‘தொ’ என்பதைக் கணினி இரண்டு வகையில் எழுதலாம். ‘த’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி, அல்லது ‘ெ’, ‘ா’ என்ற இரண்டு தனிக் குறிகள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். மேக்கின் பழைய வட்டு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். 2017இல் வந்த புதிய முறையான ஏபிஎஃப்எஸ் அப்படிச் செய்வதில்லை. ப்ராஜெக்ட்டில் ஒற்றைக் குறி, உங்களுக்கு வந்த கோப்பின் பெயரில் இரட்டைக் குறி. ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதைதான்.

சோதித்துப் பாருங்கள். கோப்பின் பெயரைத் திருத்தப் போய், ‘தொ’வுக்கு அடுத்துக் கர்சரை வைத்து ஒருமுறை மட்டும் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ‘த’ மிஞ்சினால் ஒற்றைக் குறி. ‘தெ’ மிஞ்சினால் நான் சொன்னதுதான்.

கழி_கூடு:

‘தெ’ என்று நிற்கிறது!

எழுத்துரு_பித்தன்:

அந்த எழுத்தை மட்டும் அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே மறுபடி தட்டுங்கள். தமிழ்99 விசை அமைப்பு என்றால் ஒற்றைக் குறியாகவே விழும். அடுத்த மெட்டிலிருந்து, பகிரும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். எனக்கும் இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பழைய வட்டுகள் ஒழியும்வரை வேறு வழியில்லை.

கழி_கூடு:

இரண்டையும் தட்டினேன், ப்ராஜெக்ட்டை மூடித் திறந்தேன், தொப்பி அதிர்கிறது. நண்பர் அதன் ஒலியளவைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறார். அது வேறு பஞ்சாயத்து, அவரிடமே பேசிக்கொள்கிறேன்.