வடிகட்டிய தண்ணீர் முதலில் பெய்ஸ்லிக்கு வந்தது ஏன்?

முத்துச்சிப்பி கேட்டது:
பொதுக் குடிநீர் வரலாறு பற்றி வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எதைத் திறந்தாலும் ஒரே தகவல் வருகிறது: ஊர் மக்களுக்கு வடிகட்டிய தண்ணீர் முதலில் கிடைத்தது 1804-ல், ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற சிறு ஊரில். செய்தவர் ஜான் கிப். அவ்வளவோடு முடித்துவிட்டு எல்லாரும் லண்டனுக்குத் தாவிவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய லண்டனில் இல்லாத ஒன்று இந்த ஊரில் எப்படி முதலில் வந்தது? அங்கே அப்போது காலரா ஏதாவது வந்ததா?

வடிநீர் சொன்னது:
காலராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. பிரிட்டனுக்குள் காலரா நுழைந்ததே 1831-ல்தான். பெய்ஸ்லியில் வடிகட்டி வந்ததற்குக் காரணம் துணி.

பெய்ஸ்லி நெசவாளர்கள் ஊர். மஸ்லின், நூல், பிற்பாடு சால்வை என்று ஊரே தறியில் வாழ்ந்தது. நெய்த துணியை வெளுக்க வேண்டும், அதற்கு ஏராளமான தெளிந்த தண்ணீர் வேண்டும். ஊருக்குள் ஓடிய கார்ட் ஆறோ கலங்கல். கலங்கல் தண்ணீரில் அலசினால் வெள்ளைத் துணியில் கறை ஏறிவிடும், சரக்கு விலை போகாது. கிப் ஒரு வெளுப்புப் பட்டறை முதலாளி. தன் பட்டறைக்காகத்தான் அந்த அமைப்பைக் கட்டினார். ஆற்றுத் தண்ணீர் முதலில் கல் நிரப்பிய வாய்க்கால் வழியே வரும். அப்புறம் வட்ட வட்டமான அறைகள். வெளி வட்டத்தில் வண்டல் படியும், உள் வட்டங்களில் ஜல்லியும் மணலும், நடுவில் தெளிந்த நீர்க் கிணறு. பட்டறைக்குப் போக மிஞ்சியதைப் பீப்பாயில் ஏற்றி வண்டியில் கொண்டுபோய் ஊரில் விற்றார்.

நான் பணிக்காலம் முழுவதும் மெது மணல் வடிகட்டியில் வேலை பார்த்தவன். இந்த வரலாற்றில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. கிப்பும் சரி, 1829-ல் லண்டன் செல்சி நீர் நிறுவனத்துக்கு ஒரு ஏக்கரில் மணல் வடிகட்டி கட்டிய ஜேம்ஸ் சிம்ப்சனும் சரி, தேடியது தெளிவை மட்டும்தான். கிருமி என்ற எண்ணமே அப்போது கிடையாது. ஆனால் மணலில் தண்ணீரை மெதுவாக இறக்கினால் (மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும்) சில நாளில் மேல் மணலில் வழவழப்பாக ஓர் ஆடை படியும். பாசி, பாக்டீரியா, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்த உயிருள்ள ஆடை அது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்து அழிப்பது அதுவும் அதற்குக் கீழே உள்ள மணலில் வாழும் உயிர்களும்தான். தண்ணீர் இறங்குவது மிகவும் குறைந்துவிட்டால் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சுரண்டி எடுப்போம். சுரண்டிய உடனே வரும் தண்ணீரை ஊருக்கு அனுப்பக் கூடாது. ஆடை மறுபடி கட்டும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவசரப்படுவோரிடம் எத்தனையோ முறை மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மணலின் அருமை ஊரறியத் தெரிந்தது 1892-ல். ஜெர்மனியில் ஹாம்பர்க், ஆல்டோனா இரண்டும் ஒட்டிய ஊர்கள், இரண்டுக்கும் எல்பா ஆற்றுத் தண்ணீர்தான். ஹாம்பர்க் வடிகட்டாமல் கொடுத்தது, காலராவில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஆல்டோனா எடுத்ததோ ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு கீழே வரும் தண்ணீரை. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பித்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், எதிர்ப்பக்கம் இல்லை. கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் இதை விரிவாக எழுதிவைத்தார். உங்கள் பேச்சில் இதை விட்டுவிடாதீர்கள்.

சாயப்பட்டறை சொன்னது:
துணித் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். வெளுப்புக்காரர்கள் குடிநீருக்குக் கொடுத்தது மணல் மட்டுமில்லை, பிளீச்சிங் பவுடரும்தான் (குளோரின் ஏற்றிய சுண்ணாம்புத் தூள்)! அதற்கு 1799-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் டென்னன்ட். கிளாஸ்கோவில் தொழிற்சாலை வைத்தார், அது பெய்ஸ்லிக்குப் பக்கத்து ஊர். அதற்கு முன் துணியை மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துக் காயப்போட்டு வெளுத்தார்கள். அந்தப் பவுடர் தண்ணீர்ப் பக்கம் வர நூறு வருஷம் ஆனது. 1897-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் ஊரில் டைபாய்டு பரவியபோது அதைக் கரைத்துக் குழாய்களைச் சுத்தம் செய்தார்கள். 1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துத் தண்ணீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் தினமும் கலக்க ஏற்பாடு செய்தார்.

முத்துச்சிப்பி:
இரண்டுமே வெளுப்புத் தொழிலில் இருந்து வந்தவை என்பது எனக்குப் புதிது. பேச்சையே இதை வைத்து அமைத்துவிடலாம் போலிருக்கிறது. அப்படியானால் 1804-லேயே பெய்ஸ்லியில் வீட்டுக்கு வீடு குழாய் இருந்தது என்று சொல்லலாமா?

வடிநீர்:
சொல்லாதீர்கள். 1804-ல் வந்தது வண்டித் தண்ணீர், காசு கொடுத்தவருக்குத்தான் கிடைத்தது. வடிகட்டிய தண்ணீரைக் குழாயில் கொண்டுபோனது 1807-ல், கிளாஸ்கோவில். பெய்ஸ்லிக்கு 1830-களில்தான் ராபர்ட் தாம் என்ற பொறியாளர் மூலம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் அமைந்தது. அங்கே நின்ற பழைய கோட்டையின் அடிப்பகுதி அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது, படம் கிடைத்தால் காட்டுங்கள்.

நண்பர் சொன்ன குளோரின் கதை அருமை. அதில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1905-ல் அங்கே டைபாய்டு வந்தபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவர் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலைக் குடிநீரில் தொடர்ந்து கலக்க வைத்தார். லிங்கனிலும் மணல் வடிகட்டி இருந்தது, இருந்தும் நோய் வந்தது. மணல் இருந்தால் போதும் என்று கேட்பவர்கள் நினைத்துவிடாமல் இருக்க இது உதவும்.

முத்துச்சிப்பி:
சரி ஐயா, வண்டியில் விற்றார் என்றே சொல்கிறேன். லிங்கனை ஆல்டோனாவுக்கு அடுத்து வைத்துக்கொள்கிறேன்.