மெசி 35: எட்டு நட்டும் கழன்றும் பின்சில்லு அசையவில்லை

அச்சுவேலித் தோட்டம்:
வீட்டில் நிற்பது 1962 மெசி பேர்குசன் 35 ரக்ரர், மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். 95 இடப்பெயர்வில் ஐயா எங்களை இதன் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் தென்மராட்சிக்குப் போனார். ஆகவே பழைய இரும்புக்குப் போடச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

வலப் பக்க அக்சில் சீல் (ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய், ஒயில் பிறேக் சூவில் இறங்குகிறது. மிதித்தால் இடப் பக்கம் மட்டும் பிடிக்கிறது. சில்லு வந்தால்தான் பிறேக் றம்மை (சூ உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் வட்ட மூடி) தொடலாம். நட்டுகள் சுகமாகக் கழன்றன. ஆனால் சில்லின் நடுத்தகடும் றம்மும் கறள் பிடித்து ஒன்றாகிவிட்டன. அலவாங்கால் நெம்பியும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை காஸ் பிடித்துச் சூடாக்கச் சொல்கிறார். ரயருக்குள் தண்ணீரும் நிற்கிறது. என்ன மாதிரிச் செய்யலாம்?

கிளிநொச்சி வயல்:
நட்டுகளைத் திரும்பப் போடுங்கோ, இறுக்க வேண்டாம். தகட்டுக்கும் நட்டுக்கும் சின்ன இடைவெளி இருந்தால் போதும். ரக்ரரைக் கீழே இறக்கி, வளவுக்குள்ளேயே முதல் கியரில் முன்னும் பின்னும், இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கோ. பாரம் தானாகவே கறளை உடைக்கும். 'டக்' என்று சத்தம் கேட்டதும் நிறுத்துங்கோ. அதற்குமேல் ஓட்டினால் ஸ்ரட் (நட்டு ஏறும் ஆணி) வெட்டுப்படும்.

சுன்னாகம் பழைய கராச்:
தம்பி, காஸ் கதையை விடும். காற்று நிற்கிற ரயரோடு சில்லைச் சூடாக்கினால் ரயர் வெடிக்கும், ஆளே போகலாம். தண்ணீர் நிற்கிறதால் அந்த ஆபத்து இல்லாமல் போகாது.

கிளிநொச்சிக்காரர் சொன்னது சரியான வழி. அதற்கு முதல் நாள் இரவே ஒட்டோ கியர் வாகனங்களுக்கு விடுகிற ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்து, நடு ஓட்டையைச் சுற்றியும் ஸ்ரட் அடியிலும் விட்டு வையும். நெருப்புப் பிடிக்கிற சாமான், பீடியோடு பக்கத்தில் போகாதேயும். சம்மட்டி எடுப்பதென்றால் உள்பக்கமிருந்து, தகட்டில் முதிரைக் கட்டையை வைத்து, சில்லைச் சுற்றிச் சுற்றித் தட்டும். றம் வார்ப்பிரும்பு. அதில் ஓர் அடி பட்டால் வெடிப்புத்தான், பிறகு பழைய றம் தேடி அலைய வேண்டும்.

இன்னொன்று. சில்லைக் கழற்றி எடுக்க முதல் தண்ணீரை இறக்கும். வால்வை மேலே வைத்துக் காற்றை விட்டு, பிறகு கீழே திருப்பினால் தண்ணீர் வரும். அந்த ரயரில் நூறு லீற்றருக்கு மேல் பிடிக்கும். அந்தப் பாரத்தோடு சில்லு சரிந்தால் இரண்டு பேராலும் தாங்க ஏலாது. ஓட்டி முடித்த பிறகே இறக்கும், வெறும் ரயரில் ஓட்டினால் ரியூப் போய்விடும். தூக்கும்போது மற்றப் பின்சில்லுக்கும் முன்சில்லுகளுக்கும் கல் வையும். அக்சில் குழாய்க்குக் கீழே பனங்குற்றி அடுக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அச்சுவேலித் தோட்டம்:
கழன்றுவிட்டது! மாமரத்தைச் சுற்றி ஓட்டும்போது வெடி போட்ட மாதிரிச் சத்தம், அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டா. இப்போது றம் வரவில்லை. அதன் முகத்தில் தட்டைத் தலை ஸ்குரூ இரண்டு இருக்கிறது, அவை சுற்றவில்லை.

சுன்னாகம் பழைய கராச்:
சாதாரண ஸ்குரூ டிறைவரால் முறுக்கினால் வாய்தான் தேயும். சுத்தியலால் அடிக்க அடிக்கச் சுற்றுகிற இம்பக்ட் டிறைவர் வாங்கும். ஸ்குரூ வந்த பிறகும் றம் பிடித்தால் பிறேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தும். தேய்ந்த றம்மின் விளிம்பில் சூ கொழுவி நிற்கும். சீல் போட ஹாஃப் சாஃப்டை (சில்லைச் சுற்றும் அக்சில் தண்டை) வெளியே இழுக்க வேண்டும், அதிலுள்ள கொலர் வளையம் சரியான இறுக்கம். அந்த வேலையைப் பிரஸ் (அழுத்திக் கழற்றும் மெசின்) உள்ள கராச்சில் கொடும். ஒயில் குடித்த சூவைக் கழுவிப் போடாமல் புதிதாய் மாற்றும். சில்லைத் திரும்பப் பூட்ட முதல் தகடு உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கொப்பர் கிறீஸ் மெல்லிசாய்ப் பூசும். கொஞ்ச நேரம் உழுத பிறகு நட்டுகளை இன்னொருக்கால் இறுக்கிப் பாரும்.