கமிட்டி உறுப்பினர்களுக்குப் பயிற்சி எப்படிக் கொடுக்கிறீர்கள்?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூரில் ஒரு சின்னச் சங்கத்துக்கு நான் செயலாளர். சுனாமிக்கு மறுவருஷம் தேவனாம்பட்டினம் பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று தொடங்கியது. இப்போது மூன்று இடத்தில் வகுப்பு, கூடவே ஒரு தையல் கூடம். கமிட்டியில் ஏழு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முந்திரி வியாபாரி ஒருவர், துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் அக்கா, மருந்துக்கடைக்காரர், இப்படி. சங்கத்துக் காசில் ஒரு பைசா தொடாதவர்கள். ஆனால் கூட்டம் என்றால் டீ, சமோசா, “நீ பாத்துக்க தம்பி”, கையெழுத்து. அவ்வளவுதான்.

2022-இல் ஒரு அடி விழுந்தது. 80ஜி ரசீது (நன்கொடை கொடுத்தவர் வருமான வரிச் சலுகை கேட்க உதவுவது) கொடுக்கிற சங்கங்கள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும் என்பது அந்த வருஷம்தான் முதல்முறை வந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 23 நாள் தாமதம், நாளுக்கு 200 ரூபாய் வீதம் 4,600 கட்டினோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. வருஷக் கணக்கில் ‘தாமதக் கட்டணம் 4,600’ என்று ஒரு வரி இருந்தது. ஏழு கையெழுத்தும் விழுந்தன. ‘இது என்னப்பா’ என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அப்புறம் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தேன். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் ஒருநாள் முகாம், ஆளுக்கு 1,500 ரூபாய். ஃபைல், பேனா, திரை நிறைய ஆங்கிலத்தில் அம்புக்குறிகள். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்: “சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம கணக்க எப்ப தம்பி சொல்லித் தருவாங்க?” தலைமையாசிரியர் வரவே இல்லை. “35 வருஷம் பாடம் நடத்துனவனுக்குப் பயிற்சியா?” என்றுவிட்டார்.

யார் மனசும் நோகாமல், பெரிய செலவில்லாமல், வருஷம் முழுக்கத் தொடர்ந்து செய்ய வழி இருக்கிறதா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பாகூர் அம்மா எழுதியது:

தம்பி, முதலில் ‘பயிற்சி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நான் வங்கியில் இருந்து ஓய்வுபெற்று ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொருளாளராக இருக்கிறேன். எங்களிடம் அதற்குப் பெயர் ‘கணக்கு நேரம்’. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் இருபது நிமிஷம். டீக்கு முன்னால். டீ வந்துவிட்டால் ஒன்றும் நடக்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பாஸ்புக், ரொக்கப் புத்தகம், வவுச்சர் ஃபைல் மூன்றும் மேஜைக்கு வரும். ஆளுக்கு ஒரு வவுச்சரை உருவிக் கொடுப்பேன். யாருக்குக் கொடுத்த பணம், யார் சொல்லிக் கொடுத்தது, எந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்று அவர்களே தேடிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் மாதம், பேசவே பேசாத ஒரு பெரியவர் கையில் அரிசி மூட்டை பில் போயிற்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஃபைலை வாங்கி நாலைந்து தாள் புரட்டினார். அதே பில்லின் ஜெராக்ஸ் அங்கே இன்னொரு வவுச்சரோடு குத்தியிருந்தது. இரண்டு தடவை பணம் போயிருக்கிறது! திருட்டு இல்லை. கடைக்காரர் அடுத்த மாதம் கழித்துக்கொண்டார். ஆனால் அதிலிருந்து பெரியவர் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொன்று. உங்கள் தீர்மானப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மேலே இடம் விட்டு, கீழே கையெழுத்து வாங்கி, பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதி நிரப்புகிற பழக்கம் இருக்கிறதா? எங்களிடம் இருந்தது. எழுதி முடித்து, சத்தமாகப் படித்த பிறகுதான் பேனா கைமாற வேண்டும். இந்த ஒன்றை நிறுத்தினாலே பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

முகாமில் கொடுத்த புத்தகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் சட்டம் வேறு. உங்களுக்குத் தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், எங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்து 1860. உங்கள் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்த ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருஷம் முழிபிதுங்கினோம்.

பண்ருட்டி பலாச்சுளை எழுதியது:

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அம்மா சொன்னது முழுக்கச் சரி. நான் ஆளுக்கொரு பொறுப்பு கொடுக்கச் சொல்வேன். மருந்துக்கடைக்காரருக்குக் காலாவதித் தேதி பார்த்துப் பழக்கம் இருக்குமே, எல்லாக் கடைசித் தேதிகளையும் அவர் தலையில் கட்டுங்கள். ஆண்டுக் கணக்கு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு, கமிட்டியில் ஆள் மாறினால் பதிவாளருக்குப் படிவம் 7, இதெல்லாம் ஒரு காலண்டரில்.

முந்திரி வியாபாரிக்கு ரொக்க விஷயம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. திதி நாளில் யாராவது பத்தாயிரத்தைக் கவரில் போட்டு நீட்டி ரசீது கேட்பார், நம்ம ஆளும் எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு சண்டை நம் ஆபீசுக்கு வரும். அதேபோல உறுப்பினர் ஒருவரின் கட்டடத்துக்குச் சங்கம் வாடகை கொடுத்தால், ஊர் வாடகையைவிட ஒரு ரூபாய் கூடக்கூடாது. கூடினால் வரிவிலக்குக்கே ஆபத்து. அந்தப் பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

ஒருதடவை படித்தால் போதும் என்பவர்களுக்கு: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய், 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. 80ஜி, 12ஏ (சங்கத்தின் வரிவிலக்குப் பதிவு) என்று மனப்பாடம் செய்த பிரிவு எண்களையே மறுபடி படிக்க வேண்டியதுதான், நானும் சேர்த்து.

சிதம்பரம் சைக்கிள் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சும்மா வந்து உழைப்பவர்களை ரொம்ப நெருக்கினால் ஓடிவிடுவார்கள். எங்களிடம் இரண்டு பேர் போனார்கள். பில், படிவம் எல்லாம் செயலாளரும் ஆடிட்டரும் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஏழு பேருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் அதுவே குற்றம். தன் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை மறைத்தால், பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. “நம்ம ஊருப் பையன், பேசித் தீத்துக்கலாம்” என்று சொல்லப்போவது உங்கள் கமிட்டியில் யாரோ ஒரு நல்ல மனிதர்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பெரிசாக எழுதிப் போடுங்கள். இதை வருஷா வருஷம், புதிதாக வரும் டீச்சரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மூன்று கூட்டம் ஆயிற்று, வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சுவரில் 1098 எழுதியாகிவிட்டது, சைக்கிள் அண்ணனுக்கு நன்றி. ஏலக்கார அக்காவிடம் தையல் நூல் பில் போனது. “எத்தன கடையில வெல கேட்டீங்க?” என்றார். ஒரே கடைதான். அடுத்த வாரமே அவர் திருப்பாதிரிப்புலியூர் போய், பெட்டிக்கு 40 ரூபாய் குறைத்துப் பேசிவிட்டு வந்தார்.

தலைமையாசிரியருக்குச் சங்கத்தின் துணைவிதியை (நம் சங்கம் நடக்க எழுதி வைத்த விதிகள்) கொடுத்து, கூட்டத்துக்கு இரண்டு பக்கம் படித்து விளக்கச் சொன்னேன். பாடம் நடத்தக் கூப்பிட்டால் வருகிறார்! முதல் நாள் ஒற்றுப்பிழை திருத்தினார். இரண்டாம் நாள் நிறுத்தினார். “கூட்டம் செல்லுபடியாக அஞ்சு பேர் வேணும்னு இருக்கே. போன ஆடியில நாம நாலு பேருதான் இருந்தோம்.” புத்தகத்தைப் பார்த்தால் நாலு கையெழுத்துதான். அன்றைக்கு இரண்டு தீர்மானம் போட்டிருக்கிறோம், ஒன்று வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றியது. இதை எப்படிச் சரிசெய்வது?

பண்ருட்டி பலாச்சுளை எழுதியது:

முறையாக நோட்டீஸ் கொடுத்து, ஐந்து பேருக்குக் குறையாமல் உட்காரவைத்து, அந்த இரண்டையும் மறுபடி வைத்து உறுதிசெய்து புதுத் தீர்மானம் போடுங்கள். அன்று நாலு பேர்தான் இருந்தார்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வங்கிக்குப் புது நகல் கொடுங்கள். பழைய பக்கத்தில் கை வைக்க வேண்டாம், வெள்ளை மை தடவவே வேண்டாம். தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.